பத்து லட்சத்து ஒன்று

சேலத்தில் என் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த அன்று காலை, மேச்சேரியிலிருந்து மகள் போனில் கூப்பிட்டாள். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். "அம்மா, பத்து லட்சத்து ஒன்னு பகா எண்ணா?" என்றாள். அப்பாவைப் பற்றிக் கேட்கப் பயந்துதான் கணக்கைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

அவரை உள்ளே கொண்டுபோனதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலிக்கும் கதவுக்குமாக நடந்தபடி அந்த எண்ணை மனதுக்குள் வகுக்கத் தொடங்கினேன். போனில் போட்டால் உடனே முடிந்துவிடும். எனக்கோ நேரம் நகர வேண்டியிருந்தது. மூன்றால் வகுத்தால் இரண்டு மீதி. ஏழுக்கும் இரண்டு, பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் அதே இரண்டு. எரிச்சலாக வந்தது.

"ஏனுங்க அண்ணி, தனியாப் பேசறீங்க?" என்றாள் கூட வந்திருந்த நாத்தனார். விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"சும்மா உக்காந்திருந்தா எனக்கும் பயமாத்தான் இருக்குதுங்க. பாதிய எனக்குக் குடுங்க," என்று பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே எழுதினாள்.

தொண்ணூற்றேழு வரை எதனாலும் வகுபடவில்லை. "அப்பப் பகா எண்தானுங்க," என்றாள் சலித்துப்போய். ஆயிரம் வரைக்கும் பார்த்தால்தான் உறுதி என்று சொல்லி நூற்றொன்றைப் போட்டேன். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று வந்தது, மீதியே இல்லை.

"போயிருச்சுங்க!" என்று அவள் கத்தியதில் கூடமே திரும்பிப் பார்த்தது.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. வந்த விடையை இன்னும் உடைக்க முடியுமா என்று மறுபடி நடக்க ஆரம்பித்தேன். அப்போது மருத்துவர் வெளியே வந்து, "நல்லபடியா முடிஞ்சுதுங்க," என்றார். அதைக் கேட்ட பிறகும் நான் நடந்துகொண்டேதான் இருந்தேன். நாத்தனார்தான் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.