அக்காவின் காடிப் புத்தகம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் என் வணக்கம். "மாமா, நீங்கதான் எழுதணும். ஆனா அம்மாவைச் சாமியாக்கிடாதீங்க" என்று சொல்லித்தான் அக்காவின் பெண்கள் இருவரும் இந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஆகவே அக்கா செய்த ஒரு பெரிய தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். அவர் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் எழுதச் சொல்லியிருப்பார்.

அக்கா பிறந்தது மலாக்காவில், ஜாசினுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டு போகப்பட்ட எங்கள் அப்பா திரும்பி வரவில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, அம்மாவோடு பால்மரம் சீவப் போனார் அக்கா. நான் தொடர்ந்து படித்ததும், பிற்பாடு பஸ் கம்பெனியில் கிளார்க் ஆனதும் அதனால்தான். படிப்பு நின்றாலும் அக்காவின் கையெழுத்து நிற்கவில்லை. ஊருக்குக் கடிதம் போட வேண்டுமென்றால் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் அக்காவைத் தேடித்தான் வருவார்கள்.

அத்தானைக் கட்டிக்கொண்டு அக்கா காஜா பெராங்குக்குக் குடிவந்தார். அத்தான் பத்து பெரெண்டாமில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். எங்கள் பேச்சில் கார் என்றால் காடி. காடியின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார் அத்தான். ஆனால் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னால் அவருக்கு வியர்த்துவிடும்.

நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்த காலம் அது. தோட்டத்துத் துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். போருக்கு முன்னால் வாங்கிய தங்கள் பழைய காடிகளைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிகளுக்கும் டிரைவர்களுக்கும் மளிகைக் கடைக்காரர்களுக்கும் தள்ளிவிட்டுப் போனார்கள். அத்தானுக்கும் ஒன்று கிடைத்தது. வாங்கியவர்களுக்கெல்லாம் பெருமைக்குக் குறைவில்லை. உதிரி சாமான் மட்டும் எங்கேயும் கிடைக்காது. எது கெட்டாலும் அத்தானைத் தேடி அக்கா வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அத்தானோ சாயங்காலம்தான் வீடு திரும்புவார்.

வந்தவர்களின் கேள்விகளை அக்கா ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்தார். சோறு போடும்போது அத்தானிடம் கேட்டு, கீழே பதிலையும் எழுதினார். ஒரு நாள் என்னிடம் சலித்துக்கொண்டார்.

"ஒரே கேள்விக்கு மூணு பேருக்குத் தேத்தண்ணி போட்டாச்சுடா. இனிமே அவங்க இங்க வர வேணாம். புத்தகம் அவங்க வீட்டுக்குப் போகட்டும்."

இப்படித் தேத்தண்ணித் தொல்லையில் பிறந்ததுதான் காடிப் புத்தகம். பழைய நாளிதழில் சுற்றி நான் எங்கள் பஸ் கண்டக்டர்களிடம் கொடுத்துவிடுவேன். டம்பின், ஜாசின், மூவார் என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். ஒருவர் கேட்பார், வேறொருவர் பதில் எழுதுவார், மூன்றாமவர் அது தப்பு என்பார். ஒருவர் மூன்று நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, பிறர் எழுதியதை அடிக்கக் கூடாது, காடியைத் தவிர வேறு பேச்சு கூடாது என்பவை அக்காவின் சட்டங்கள். ஒரு பெரியவர் தம் மகனுக்குப் பெண் தேடி முழுப் பக்கம் எழுதிவிட்டார். அதன் கீழே அக்கா, "மாப்பிள்ளையிடம் காடி இருந்தால் அதன் நிலையை மட்டும் தெரிவிக்கவும்" என்று எழுதி அனுப்பினார்.

இன்னொரு சட்டமும் உண்டு. யாரும் பெயர் எழுதக் கூடாது, காடி நம்பரைத்தான் எழுத வேண்டும். "பேரு போட்டா கிராணி போயி டிரைவர்கிட்ட சந்தேகம் கேப்பாரா? நம்பர்னா கேப்பாரு" என்றார் அக்கா. அது அப்படியே நடந்தது. நான்கு பேரில் தொடங்கிய புத்தகம் பதினான்கு நம்பர்களுக்கு வளர்ந்தது. அவர்களில் சிலர் யார் என்றே எங்களுக்குத் தெரியாது. சுதந்திர நாளன்று காலையில் எல்லாரும் குடும்பத்தோடு காடியை மலாக்கா திடலுக்குக் கொண்டு வாருங்கள், முகம் பார்த்துக்கொள்வோம் என்று அக்கா அழைப்பும் எழுதினார்.

அந்த நாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது டம்பின் பக்கத்துக் கிராணியாரிடமிருந்து கடிதம் வந்தது. அவருடைய காடி பிரேக் பிடிக்காமல் பெரிய கால்வாயில் இறங்கி, அவருக்குக் கை முறிந்திருந்தது. "புத்தகத்தில் கண்டபடி பிரேக் டப்பாவில் எஞ்சின் எண்ணெய் ஊற்றியும் பயனில்லை. கிழட்டுக் காடி, என்ன செய்வது" என்று எழுதியிருந்தார்.

அக்கா வாசிக்க, அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். "பிரேக்குக்குன்னு தனி எண்ணெய் இருக்குன்னு சொன்னேனே! எஞ்சின் எண்ணெய் போனா உள்ள இருக்கிற ரப்பரெல்லாம் ஊதிப்போயிடும். ரெண்டு மூணு நாள் நல்லா இருக்கும், அப்புறம் பிடிக்காது."

அக்கா எழுதியிருந்தது இவ்வளவுதான்: "பிரேக் டப்பாவில் எண்ணெய் குறைந்தால் நிரப்பிக்கொள்ளவும்." நம் வாயில் பெட்ரோலும் எண்ணெய், எஞ்சினுக்கு ஊற்றுவதும் எண்ணெய், தாளிப்பதும் எண்ணெய்தானே. மலாய்க்காரர் எல்லாவற்றையும் மின்யாக் என்பதுபோல நாமும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம். அத்தான் சொன்ன "தனி" என்ற சொல்லை அக்கா விட்டுவிட்டார்.

நான் அப்போது சொன்னதை இன்று வெட்கத்தோடு எழுதுகிறேன். "கிராணியாரே காடி மேலதான் பழி போடுறாரு. அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடலாம்கா. யாருக்குத் தெரியப்போவுது?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "பக்கத்தைக் கிழிச்சா ஊத்துன எண்ணெய் வெளிய வந்துடுமாடா? பதினாலு பேரும் படிச்சிட்டாங்க. புள்ளகுட்டிகளை ஏத்திக்கிட்டு வாங்கன்னு நான்தானே எழுதினேன்? கெளம்புடா."

முதலில் கிராணியார் வீட்டுக்குப் போனோம். தப்பு தம்முடையது என்று அக்கா வாசலில் நின்றபடியே சொன்னார். கிராணியாரின் மனைவிக்குக் கோபம் தாங்கவில்லை. "எழுதத் தெரியலன்னா எதுக்கு எழுதுறீங்க?" என்று கேட்டார். கிராணியார்தான் உள்ளிருந்து, "நீங்க வந்து சொல்லலன்னா நான் கடைசி வரைக்கும் காடியைத்தான் திட்டிக்கிட்டு இருந்திருப்பேன். மத்தவங்களப் போய்ப் பாருங்க, சீக்கிரம்" என்றார்.

பஸ் போகும் ஊர்களுக்கு நான்கு நாளும் பஸ்ஸில் அலைந்தோம். பஸ் போகாத இடங்களுக்கு, அத்தான் காடியோடு பட்டறைக்குப் போய்விட்டதால், பக்கத்து வீட்டுச் செட்டி அண்ணன் தம் காடியில் கூட்டிப் போனார். அவர் பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து தங்கிவிட்ட மலாக்கா செட்டிச் சமூகத்தவர். தமிழ் தெரியாது, வீட்டில் மலாய்தான். புத்தகத்தை அக்கா மலாயில் வாசித்துச் சொல்ல, கேட்டுக்கொள்வார். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே, "அக்கா, ஜங்கான் சூசா ஹாத்தி. நாயிக் சஜா" என்று கதவைத் திறந்துவிட்டார். மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே, ஏறு என்று அர்த்தம். போன இடங்களில் இருவர் எஞ்சின் எண்ணெயை ஊற்றியிருந்தார்கள். அத்தான் போய் டப்பாவைப் பிரித்துக் கழுவிவிட்டு வந்தார்.

கண்டக்டர்கள் அடையாளம் சொல்லச் சொல்ல, பதின்மூன்று பேரைப் பார்த்தாயிற்று. ஒரே ஒரு நம்பர் மட்டும் யாருடையது என்று தெரியவில்லை. அலோர் காஜாவைத் தாண்டி ஒரு முச்சந்தியில் புத்தகத்தை வாங்குவதும் கொடுப்பதும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் என்றார் கண்டக்டர். அந்த முச்சந்தியில் ஒரு பகல் முழுதும் நின்று விசாரித்தும் பலனில்லை. "நான் போட்ட சட்டம் என்னையே கட்டிப்போட்டுடுச்சு" என்று அக்கா சொன்னபோது அவர் குரல் உடைந்துவிட்டது. அப்பா போன செய்தி வந்த நாளில்கூட அக்கா அப்படி உடைந்து நான் பார்த்ததில்லை.

சுதந்திர நாள் விடிந்ததும், அலோர் காஜா பக்கத்திலிருந்து எந்தக் காடி வந்தாலும் மலாக்காவுக்கு வெளியே இருக்கும் குருபோங்கைத் தாண்டித்தானே வர வேண்டும் என்று அக்கா அங்கே போய்ச் சாலையோரம் நின்றுகொண்டார். கூட நானும் நின்றேன். கொடி கட்டிய பஸ்களும் லாரிகளும் கூச்சலோடு போய்க்கொண்டிருந்தன. அக்காவுக்கு நம்பர் பலகையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

வெயில் ஏறும் நேரத்தில் அந்த நம்பர் வந்தது. அக்கா இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு நடுச்சாலைக்கே போய்விட்டார். நான் பதறி ஓடுவதற்குள் காடி நல்லபடியாக நின்றது. அதை ஓட்டி வந்தவர் மலாய்க் கிராமமான ஒரு கம்பத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் வியாபாரி.

"என்னம்மா, சாகவா நிக்கிறீங்க?"

"பிரேக்குல எண்ணெய் ஊத்துனீங்களா? எந்த எண்ணெய்?"

அவர் விழித்தார். பின்னால் நான்கு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி தலையை நீட்டினார். "நீங்கதான் புத்தகத்து அக்காவா? ஊத்தலக்கா. எந்த எண்ணெய்னு நீங்க எழுதல. கடையிலேயே நாலு எண்ணெய் இருக்கு, எதைன்னு ஊத்துறது? கேட்டு எழுதலாம்னு இருந்தேன், புத்தகம் மறுபடி எங்க பக்கம் வரல."

"நான் ஊத்துறேன்னுதான் சொன்னேன்" என்றார் வியாபாரி அசட்டுச் சிரிப்போடு. "இவதான் விடல. புத்தகத்துல எழுதுறதெல்லாம் இவதான். கடைப் பசங்க கொண்டாந்து குடுப்பாங்க."

அக்கா அந்த நான்கு பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு சாலையோரப் புல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அந்தப் பெண் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவிக் கொடுத்தார். அன்று திடலில் எத்தனை காடி வந்தது, யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. கையில் கட்டோடு பஸ்ஸில் வந்து சேர்ந்த கிராணியார் அக்காவின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.

அதன்பிறகு புத்தகத்தின் கடைசி அட்டையில் எல்லாருடைய பெயரும் ஊரும் ஏறின. எந்தப் பதிலும் அந்தக் கடைக்கார அம்மாள் ஒரு தடவை வாசித்துக் கேள்வி கேட்காமல் வெளியே போகாது. "எனக்குத் தெரியாம ஒருத்தி எனக்காக யோசிச்சிருக்கா. அவள விட்டா வேற யாரு?" என்றார் அக்கா. பழைய காடிகள் ஒவ்வொன்றாகக் கைமாறி, புத்தகம் தானாக நிற்கும்வரை பல ஆண்டுகள் அப்படியே நடந்தது.

அத்தான் காலமான பின் அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியிலும் அவர் விடவில்லை. "ஒரு கரண்டி மருந்துன்னு எழுதியிருக்கே, எந்தக் கரண்டி?" என்று கேட்டுக் கேட்டு நர்சுகளைப் பாடாய்ப் படுத்தினார். பிறகு அவர்களே சிரித்துக்கொண்டு கரண்டியைக் கையோடு கொண்டுவரத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் நன்றி. கடைசி நாட்களில் தம் வீட்டை விட்டு வந்து அக்காவின் கட்டிலருகிலேயே இருந்த கடைக்கார அம்மாளுக்கும், எங்களைச் சோறு தண்ணீர் இல்லாமல் விடாத செட்டி அண்ணன் குடும்பத்தாருக்கும், தள்ளாத வயதிலும் இறுதி ஊர்வலத்தில் நடந்தே வந்த கிராணியாருக்கும் அவர் துணைவியாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா சம்பாதித்தது உங்களைத்தான்.

மலரின் முடிவில், பிழை இருந்தால் பொறுத்தருள்க என்று எழுதுவது வழக்கம். அக்காவின் தம்பி அப்படி எழுத முடியாது. இதில் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வரி எழுதிப் போடுங்கள். எந்த ஊராக இருந்தாலும் பஸ் ஏறி வந்து, உங்கள் கையில் இருக்கும் பிரதியில் நானே திருத்திக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.