சிவப்பு அட்டை

சட்டைக் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம் எனக்கு அடிவயிறு முட்டிக்கொண்டு நின்றது. கழிவறைக்குப் போகவோ வாசல் கேட்டைத் தாண்டவோ சூப்பர்வைசரிடம் சிவப்பு அட்டை வாங்க வேண்டும். வரிசைக்கு ஒரே அட்டை. அதையும் இங்கிலீஷில்தான் கேட்க வேண்டும். "மே ஐ கோ, சார், ப்ளீஸ்?" என்று சுவரிலேயே எழுதியிருந்தது. ஐந்தாவதோடு நின்ற எனக்கு நாக்கு எழவில்லை. பக்கத்து மிஷினில் பட்டன் தைப்பவள் எழுந்து போய்க் கேட்டாள். வாங்கிய அட்டையைக் கதவருகே என் கையில் திணித்தாள்.

"சீக்கிரம் வாடி. எனக்கும் அவசரந்தான்."

நான் திரும்பும்வரை துணிமூட்டைக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள்.

அவளைப் பட்டன் அக்கா என்போம். அந்த இங்கிலீஷ் வாக்கியத்தைப் பஸ்ஸில் சாமி பாட்டுபோல் முணுமுணுத்தே பாடமாக்கியவள். அவள் வாயில் அது அத்தனை அழகாக வரும். அதனால் வெளிநாட்டிலிருந்து யார் பார்க்க வந்தாலும் சூப்பர்வைசர் அவளைத்தான் எழுப்பிக் கேட்கச் சொல்வார். அவள் கேட்பாள். "யெஸ், யூ மே" என்று அவர் தலையசைப்பார். வந்தவர்கள் மகிழ்வார்கள். அட்டை கைக்கு வராமலே அவள் உட்கார்ந்துவிடுவாள்.

"அக்கா இன்னிக்கும் போகாமலே போயிட்டு வந்தாச்சு" என்று நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிப்பாள்.

தாயில்லாத அவளை வளர்த்தது அவளுடைய மூத்த அக்கா. அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு நாள் காலை பதினொரு மணிக்குக் காவலாளி வந்து குனிந்து சொன்னார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து போன். உங்க அக்காவுக்கு ரொம்ப முடியலையாம். உன்னைத்தான் கேக்குறாங்களாம்."

அதே நேரம் வெளிநாட்டு விருந்தாளிகள் உள்ளே வந்தார்கள். யாரும் கூப்பிடாமலே இவள் எழுந்தாள்.

"மே ஐ கோ ஹோம், சார், ப்ளீஸ்? மை சிஸ்டர்..."

சூப்பர்வைசர் முகம் மலர்ந்தது. "யெஸ், யூ மே." விருந்தாளிகள் கைதட்டினார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். அட்டை சூப்பர்வைசரின் சட்டைப்பையிலேயே அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

இவள் கேட்டுக்கு ஓடினாள். சேதி கொண்டுவந்த அதே காவலாளிதான் நின்றார்.

"அட்டை எங்கம்மா?"

"யெஸ்னு சொன்னாருண்ணே. எல்லாரும் கேட்டாங்க."

"அது அவங்களுக்காகச் சொன்னது. அட்டை இல்லாம திறந்தா என் வேலை போயிடும்மா."

திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்தாள். சட்டைகளில் பட்டன்கள் ஒவ்வொன்றாய் விழுந்துகொண்டிருந்தன. நான் எழுந்துபோய் அவளுக்காக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்காக ஒரு நாள் அவள் கேட்டவள்தானே. என் கால் எழவில்லை. ஆண்டவன் முன்னால் நிற்கும்போதெல்லாம் அதற்குத்தான் தலைகுனிகிறேன்.

நாலு மணிக்கு விருந்தாளிகள் போனார்கள். அட்டை வந்தது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா கிடந்த கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்களாம்.

அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டாள். பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். என் பஸ் முதலில் வந்தது.

"வரட்டுமா, அக்கா?" என்றேன், எப்போதும்போல.

அவள் என் தோளைத் தொட்டாள்.

"வரேன்னு சொல்லிட்டு ஏறு. என்கிட்டயும் கேட்டுக்கிட்டு நிக்காதே."