பட்டியலில் ஒரு குரங்கு, படத்தில் ஏழு

என் அக்கா எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பமாட்டாள். கொடியில் காயும் துணியை எண்ணுவாள், ஏறி இறங்கும் படியை எண்ணுவாள், நான் சொன்ன பொய்களைக்கூட எண்ணி வைத்திருப்பாள். அவளை அருங்காட்சியகத்தில் பட்டியல் சரிபார்க்கும் வேலைக்கு எடுத்ததில் ஆச்சரியமில்லை.

அங்கே இதிகாசக் கதையை வரைந்த பழைய சுவடி ஒன்று, தைத்த நூல் அறுந்து, தனித்தனித் தாளாக மரப்பெட்டியில் இருந்தது. மொத்தம் நாற்பத்திரண்டு. பழைய பட்டியலில் கடைசித் தாளுக்கு நேரே 'குரங்கு ஒன்று, அரக்கர் பலர்' என்றிருந்தது. மற்ற தாள்கள் எல்லாம் ஒத்துப்போயின. மிஞ்சிய தாளில் ஏழு குரங்குகள். யாரோ தாளை மாற்றிவிட்டார்கள் என்று அக்கா எழுதிக் கொடுத்துவிட்டாள். பெட்டிச் சாவி ஒருவரிடம்தான் உண்டு. அந்தச் சாவிக்காரரை அன்றே வீட்டுக்கு அனுப்பி, வெள்ளிக்கிழமை விசாரணை என்றார்கள். வேலை போனாலும் போகும்.

அதிலிருந்து அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அவரு எடுக்கற ஆளு இல்லடா. எடுக்கலன்னா ஏழு எப்படி வந்துச்சு?"

என்னைப் போட்டு அரித்தாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எழுதிக் கொடுக்கும் முன் யோசித்திருக்கலாம் என்று கோபம்தான் வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு மாடிக்கே போனோம். அக்கா அந்தத் தாளின் போட்டோவை நீட்டினாள்.

"இதத்தான் மாத்திட்டேன்னாங்களா?" சாவிக்காரர் கண்ணாடியை மாட்டினார். "மேல கடலத் தாண்டுது. இங்க மரத்துல ஒளிஞ்சு அம்மாவப் பாக்குது. கீழ கட்டிப் போட்டுட்டாங்க. இந்தா, வால்ல நெருப்பு. எல்லாம் ஒரே குரங்குதாம்மா. ஒரு தாள்லயே மொத்தக் கதையையும் வரைஞ்சிருக்காங்க."

அக்கா குனிந்து பார்த்தாள். ஏழுக்கும் அதே பச்சைக் கச்சை. கதை தெரியாதவளா அவள்? எண்ண உட்கார்ந்தால் மட்டும் எல்லாம் மறந்துபோகும்.

"இத நீங்க அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"எந்தத் தாள்னு யாரு காட்டினாங்க? எடுத்தியான்னுதான் கேட்டாங்க."

தப்பு தன்னுடையது என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எத்தனை தடவைம்மா எண்ணினீங்க?"

"பதினாலு."

"என்கிட்ட ஒரு தடவை கேட்டிருக்கலாம்."

இறங்கும்போது அக்கா படிகளை எண்ணவில்லை.