என் பெயரில் வந்த மாத்திரை

குழந்தைக்காக டாக்டரிடம் போனால் ஃபைலை மனைவி பெயரில்தான் திறக்கிறார்கள். குறை யாருக்கு என்பதெல்லாம் பிற்பாடு. எங்கள் ஃபைலும் அப்படித்தான். மேலே கொட்டை எழுத்தில் என் பெயர், கணவர் என்ற இடத்தில் சின்னதாக இவர் பெயர். அடையாறில் அந்த டாக்டரம்மா இவருடைய விந்தணு ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "கவுண்ட் கம்மியா இருக்கு. ஒரு மாத்திரை எழுதறேன், சாப்பிட்டுட்டு வாங்க, மறுபடி பார்க்கலாம்" என்றார். வெளியே ஏகப்பட்ட ஜோடிகள் காத்திருந்தார்கள். கேள்வி கேட்க எங்களுக்கும் கூச்சம்.

மயிலாப்பூரில் எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர் சீட்டில் என் பெயரைப் பார்த்தார். "மேடமுக்குத்தானே சார்? லேடீஸுக்குக் குடுக்கறதுதான் இது" என்றார். இவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அன்றைக்கு நானும்தான் குழம்பினேன். குறை இவருக்கு, மாத்திரை எனக்கா? "உன் உடம்பு ரெடியா இருந்தா, என்னோடது கம்மியா இருந்தாலும் போதும் போல" என்று இவரே ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். தி. நகரில் புடவைக் கடை வைத்திருப்பவர், எதையும் விற்றுவிடுவார். நானும் வாங்கிக்கொண்டேன்.

மாமியாருக்கு ரிப்போர்ட் விஷயம் தெரியாது, மாத்திரை விஷயம் மட்டும் தெரியும். தினமும் காலையில் அத்தையே தண்ணீரோடு எடுத்து வந்து நீட்டுவார். திருநெல்வேலிச் சொந்தங்களுக்கெல்லாம், "மருமவளுக்கு வைத்தியம் நடக்குல்லா" என்று போனில் சேதி போயிற்று.

எனக்குத் தலை கனத்தது, வயிறு உப்பியது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகை வந்தது. பயந்துபோய் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு போன் செய்தேன். நர்ஸ் பதறிவிட்டார். "ஐயோ மேடம், அது சாருக்கு! ஆம்பளைங்களுக்கும் அதைக் குடுப்பாங்க. நீங்க உடனே நிறுத்திட்டு வந்து டாக்டரைப் பாருங்க." போய்ப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் டாக்டர். மாத்திரையை இவர்தான் சாப்பிட வேண்டும் என்று இந்த முறை நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

இவரிடம் சொன்னபோது எழுந்து கடைக்குக் கிளம்பிவிட்டார். பெண்கள் மாத்திரையை விழுங்க வெட்கமா, இத்தனை நாள் என்னை விழுங்க வைத்த வருத்தமா, எனக்குப் புரியவில்லை. சாப்பிட மாட்டார் என்றுதான் நினைத்தேன். குழந்தை பெற எங்களுக்கு அப்போதிருந்த வழி அது ஒன்றுதான்.

மறுநாள் காலை சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை வழக்கம்போல மாத்திரையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. இவர் எட்டி எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"ஏலே, அது பொம்பளையாளுக்குள்ளதுல்லா!"

"இல்லம்மா. எனக்குத்தான். குறை எனக்குத்தான்."

அந்த நிமிஷம் இவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அத்தை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே மகனிடம் சொன்னார்: "வெளிய யார்ட்டயும் சொல்லிராத. வைத்தியம் அவளுக்குன்னே இருக்கட்டும்."

"சரிம்மா" என்றார் இவர்.

எனக்குக் கோபம் வருகிறதா, அழுகை வருகிறதா என்றே பிடிபடவில்லை. இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்துக்கொண்டே இருந்தேன்.