முன்பாய்க்காரரின் இடம்

படகுச் சங்கத்தில் அவரைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. பாதியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு வியர்த்துப்போய் நிற்பவர்களுக்கு, இவர் படியேறி ஓடிவரும் சத்தம் கேட்டாலே பாதி உயிர் திரும்பிவிடும். காலில் சக்கரம் கட்டிக்கொண்ட மனிதர். போன வருடம் வந்த பக்கவாதம் பார்த்துப் பார்த்து அந்தக் காலில்தான் கை வைத்தது. லேசானதுதான், பேச்சு போகவில்லை, கைகளும் தப்பித்தன. இடது கால் இப்போதும் சொன்ன பேச்சைக் கேட்கும். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்கும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். படகுக்கு இரண்டு பேர். இவர்கள் படகில் சுக்கான் மனைவியின் கையில், முன்பாயின் கயிறு இவர் கையில். மனைவி மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவர். எடுத்து முடித்துப் பஞ்சை வைத்த பிறகு, "எப்பங்க குத்துவீங்க?" என்று கண்ணை மூடியபடியே கேட்டவர்கள் உண்டு. அப்படிப்பட்ட கை. அந்தக் கைக்குப் போய் இந்தப் பட்டாசா என்று சங்கத்தில் எல்லோருமே ஒரு தடவையாவது கேட்டிருக்கிறார்கள்.

அவர்களிடம் இருந்தது தட்டை அடிப்பாகம் கொண்ட மெலிந்த படகு. காற்று பலமாக அடித்தால் பறக்கும். அப்போது இவர் பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் இடுப்புக் கொக்கியை மாட்டி, படகின் விளிம்பில் காலூன்றி, உடம்பு முழுவதையும் தண்ணீருக்கு மேல் நீட்டித் தொங்குவார். அதற்காகவே வாரம் முழுவதும் காத்திருப்பார்.

இவர் சிகிச்சைக்கு அலைந்துகொண்டிருந்தபோது மனைவி அந்தப் படகை விற்றுவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்து கரையில் நிறுத்தினார். பழைய படகு. உருண்டையான அடி, குறுகிய பின்பக்கம், உள்ளே ஆழமாக உட்கார இடம், உயரமான பாய். பட்டாசு அதைச் சுற்றி நொண்டியபடி நடந்து பார்த்தார். தனக்கு வாங்கிய சக்கர நாற்காலி இது என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார். 'நல்லாருக்கு' என்று மென்று விழுங்கினார்.

அன்றே பேக்கரி வைத்திருக்கும் தம்பியைத் தனியாகப் பிடித்தார்.

"ஒரே ஒரு போட்டி அண்ணி கூடப் போறேன்டா. அதுக்கப்புறம் என் இடத்துல நீதான். அன்னிக்குக் கரைக்கு வந்துடு, அங்கயே சொல்லிக்கலாம். அதுவரைக்கும் வாயத் திறக்காத."

"அண்ணி ஒத்துக்குவாங்களாண்ணே?"

"பாவம்டா அவ. எனக்காக அவ எதுக்குக் கடைசியில வரணும்?"

போட்டியன்று காற்று காலையிலேயே கைவிட்டுவிட்டது. புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் படகுகள் எல்லாம் ஏரி நடுவில் பிடித்துவைத்ததுபோல நின்றன. அங்கங்கே தண்ணீர் லேசாகக் கறுத்துச் சிலிர்க்கும். அங்கேதான் கொஞ்சம் காற்று.

"முன்னால போய், பாய் சாயுற பக்கமா உக்காருங்க. மெதுவா," என்றார் மனைவி.

காரணம் பட்டாசுக்கும் தெரியும். முன்னால் எடை போனால் பின்பக்கம் தண்ணீரை இழுக்காது. படகு ஒருபக்கம் சற்றுச் சாய்ந்தால் பாய்த்துணி தன் கனத்திலேயே தொங்கி உப்பியிருக்கும்; இருக்கிற துளிக் காற்றும் வீணாகாது. எல்லாம் தெரிந்தும் இத்தனை வருடம் செய்யாதது ஒன்றுதான்: சும்மா இருப்பது. காற்று இல்லையென்றால் இங்கே தாவுவார், அங்கே தாவுவார், கயிற்றை இழுப்பார். ஒவ்வொரு தாவலுக்கும் பாய் உதறிக்கொண்டு, பிடித்துவைத்த காற்றைக் கொட்டிவிடும்.

இன்று தாவக் கால் இல்லை. இடது காலை இரண்டு கைகளாலும் தூக்கி, தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல முன்னால் வைத்தார். பிறகு உடம்பை நகர்த்தினார். பாயில் ஒரு சுருக்கம் விழவில்லை. முகத்துக்கு நேரே துணி உப்பியிருந்தது. படகின் மூக்கில் தண்ணீர் மெல்லச் சளசளக்க ஆரம்பித்தது.

"வலது பக்கம் கறுப்பு தெரியுது," என்றார் பட்டாசு, குரலைக்கூட உயர்த்தாமல்.

மனைவி சுக்கானைத் தொட்டாரா என்றே தெரியவில்லை. படகு அந்தப் பக்கம் போனது. நின்ற படகுகளில் ஒன்றைத் தாண்டியது, இன்னொன்றைத் தாண்டியது. அடுத்து நின்றது இவர்களுடைய பழைய படகு. அதை வாங்கிய புதுமணத் தம்பதியில் கணவன் குரங்குபோல் தாவிக்கொண்டிருக்க, மனைவி தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"நானும் இப்படித்தான் ஆடுவேனா?"

"இதவிட மோசம்."

சிரித்துவிட்டு, அடக்க முடியாமல் கேட்டேவிட்டார். "எனக்கு முடியலன்னுதானே இந்தப் படக வாங்கின?"

பின்னால் மனைவி பெரிய பாயின் கயிற்றை ஒரு விரற்கடை தளர்த்தினார்.

"உங்களுக்காக வாங்கினது அந்தத் தட்டப் படகுதாங்க," என்றார் மனைவி. "இந்த ஏரியில முக்கால்வாசி நாள் காத்தே கிடையாது. இதுக்கு உருண்ட படகுதான் சரி. எனக்கு ஆரம்பத்துலேருந்தே இதுமேலதான் கண்ணு. உங்களுக்குத் தொங்கணும்னு ஆசை. அதான் அத வாங்கினோம்."

"இத்தன வருஷம் ஏன் சொல்லல?"

"தொங்குறப்போ உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு நீங்க பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன். அதுக்குமேல என்னத்தச் சொல்றது?"

தோற்ற ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வரிசையாக வந்து பட்டாசின் கண்முன் நின்றன. இந்த ஒருத்தி கிடைக்க என்ன புண்ணியம் செய்தேன் என்றிருந்தது. திரும்பி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் தவித்தார். திரும்பினால் படகு ஆடும்.

"தோள் ஆடுதுங்க. பாய் உதறும்."

"ஆடல," என்றார், மூக்கை உறிஞ்சாமல்.

மூன்றாவதாக வந்தார்கள். கோப்பையெல்லாம் இல்லை. கரையில் உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, அக்குளில் ஒரு ரொட்டிப் பொட்டலத்தோடு தம்பி நின்றிருந்தார்.

"அண்ணே, அடுத்த வாரத்துல இருந்து..."

பட்டாசு காலைக் கையால் தூக்கிக் கரையில் வைத்தார்.

"இடம் காலி இல்லடா," என்றார். "ரொட்டியக் குடு."