பாதிரி டைம்

எங்கள் தீவில், புரோத்ராபூரில் இருந்த கல்லூரி, ஊரைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. முதல்வர் ரெவரெண்ட் ஹ்யூ பிம்லட் செய்த ஏற்பாடு அது.

"சூரியன் அஞ்சு மணிக்கே வந்து நிக்கான். மெயின்லேண்ட்காரன் எந்திரிக்கட்டும்னு நாம ஏம்ல படுத்துக் கெடக்கணும்?" என்பார்.

ஊரில் எட்டு என்றால் கல்லூரியில் ஒன்பது. அபர்டீன் பஜாரில் ஆட்டோ ஏறினால், "பாதிரி டைமா, பஜார் டைமா?" என்று கேட்ட பிறகுதான் டிரைவர் வண்டியைக் கிளப்புவார்.

பிம்லட் இருபத்து மூன்று வயதில் இங்கிலாந்திலிருந்து திருநெல்வேலிக்கு வந்தவர். தமிழ் அங்கே கற்றது. இந்தியக் குடிமகனாகி, பிறகு தீவுக்கு வந்தார். அவர் பேசும் இந்தியிலும் தாமிரபரணி ஓடும். காலை ஜெபம் ஏழு நிமிடம். சமையலறை டைமர் அடித்தால் வாக்கியம் பாதியில் நின்றாலும் ஆமென். அவர் வளர்த்த வாத்துகள் அலுவலகத்துக்குள் வந்தால் நாங்கள்தான் ஒதுங்க வேண்டும்.

நான் அங்கே கிளார்க். பல்கலைக்கழகத் தேர்வு நேரத்தை மட்டும் பஜார் டைமில் எழுத வேண்டும் என்பது விதி. ஒன்பது வருடம் சரியாக எழுதினேன். அந்த ஏப்ரலில் பி.ஏ. இறுதித் தேர்வு பத்து மணிக்கு. கைப்பழக்கத்தில், பாதிரி டைமில், பலகையில் 'பதினொன்று' என்று எழுதிவிட்டேன்.

விடுதிப் பிள்ளைகள் ஹால் திறந்ததைப் பார்த்து உள்ளே போய்விட்டார்கள். வைஜெயந்தி மட்டும் வரவில்லை. கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் மகள். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்தில் கல்லூரி வரை வந்த முதல் ஆள். விடுதியில் இல்லாமல், ஊரில் குட்வில் எஸ்டேட்டில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தாள். பலகையை நம்பி, பஜார் டைம் பதினொன்றுக்குப் பத்து நிமிடம் முன்பு சாவகாசமாக கேட்டுக்குள் நுழைந்தாள்.

தேர்வு தொடங்கி அரை மணிக்கு மேல் யாரையும் உள்ளே விடக்கூடாது. பல்கலைக்கழகம் அனுப்பிய கண்காணிப்பாளர் நந்தகுமார் கதவில் நின்றார்.

"ரூல் ரூல்தான் சார்."

"பதினொன்னுனு தானே சார் போட்டிருந்திச்சு," என்றாள் அவள். அழவில்லை. ஹால் டிக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இந்தத் தாள் போனால் ஒரு வருடம் போகும். இன்னொரு வருடம் அனுப்ப வீட்டில் வழியில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

பிம்லட் பலகையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஐயா, எழுதுனது நான்," என்றேன்.

"தெரியும்ல ரவி. கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கே. கடிகாரம் என்னோடதுல்லா. நீ போய் அந்தப் புள்ளைக்குத் தண்ணி குடு."

பிறகு நந்தகுமாரிடம் கேட்டார்: "ஹாலை விட்டு யாராவது வெளிய வந்தாங்களா?"

"இல்ல. ஒரு மணி நேரம் ஆகாம விட மாட்டோம்."

"அப்ப கேள்வித்தாள் உள்ளதானே இருக்கு. இவ பாத்திருக்க வழியில்லல்லா."

ஒரு தாள் எடுத்து நின்றபடியே எழுதினார். கல்லூரியின் நேரம் தன் பிடிவாதம், அறிவிப்பில் நேர்ந்த பிழை தன்னுடையது, மாணவி மேல் குற்றமில்லை, அவளை அனுமதிப்பதும் தன் பொறுப்பு. கிளார்க் என்ற சொல் அதில் இல்லை.

நந்தகுமார் இரண்டு முறை படித்தார். "இதை அனுப்புனா உங்க பதவிக்கே வரும் ஃபாதர்."

"வரட்டும். நீங்க கதவைத் தொறங்க. பேசிப் பேசி அவளுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் போயிட்டு."

கதவு திறந்தது. கூடுதல் நேரம் கிடையாது என்றார் நந்தகுமார். அவள் அதற்குள் உட்கார்ந்து எழுதத் தொடங்கியிருந்தாள்.

மறுநாள் பிம்லட் ஏணியில் ஏறி, கடிகாரத்தை அவரே பஜார் டைமுக்குத் திருப்பினார். மூன்று மாதத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அவளுடைய தாள் செல்லும்; தேர்வு மையம் ரத்து; முதல்வர் விலக வேண்டும். வாத்துகளைக் கூடையில் போட்டுக்கொண்டு பக்கத்துத் தெருவில் வாடகை வீட்டுக்குப் போனார். என் வேலை அப்படியே இருந்தது. அதை வைத்துத்தான் என் இரண்டு பெண்களையும் படிக்க வைத்தேன்.

வைஜெயந்தி இப்போது கச்சாலில் டீச்சர். வேலை கிடைத்ததும் கப்பலேறி வந்து பிம்லட்டிடம் மதிப்பெண் பட்டியலைக் காட்டினாள். நானும் கூடப் போனேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து அன்றைய தாளின் வரியை மட்டும் படித்தார்.

"ரெண்டு மணி நேரத்துல அம்பத்தெட்டா? மூணு மணி நேரமும் எழுதுன பயக்க நாப்பதுதானே வாங்குனானுவ?"

அவள் நன்றி சொல்ல வாயெடுத்தாள். அவர் எழுந்து டீ போடப் போனார். எங்கள் இருவர் டீயிலும் சர்க்கரையை அதிகமாகவே போட்டிருந்தார்.