மருமகனும் பீ.எச்.சும்

போன கிழமை மகள் என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டாள். முகம் உம்மென்று இருந்தது. உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்பா, உண்மையச் சொல்லுங்க. அவர்ல ஏதும் மணம் அடிக்குதா?"

அவர் என்றால் என் மருமகன். கல்யாணப் பந்தலுக்குத் தோண்டிய குழிகள்கூட இன்னும் முற்றத்தில் சரியாக மூடப்படவில்லை. அதற்குள் இப்படி ஒரு கேள்வி!

"மணமா? என்ன மணம்?"

"அப்ப ஏன் அவர் ஹோலுக்குள்ள வந்து இருந்த உடன நீங்க ஓடி வந்து யன்னலத் திறக்கிறீங்க?"

திறந்தது உண்மை. ஒவ்வொரு நாளும் திறந்தேன். ஆனால் காரணம் அவரல்ல... சரி, ஒருவகையில் அவர்தான். விளக்கமாகச் சொல்கிறேன்.

இந்தப் பத்தியை வழமையாக வாசிக்கிறவர்களுக்கு என் தொட்டிப் பைத்தியம் தெரியும். புதியவர்களுக்கு — எங்கள் ஹோல் மூலையில் ஒரு கடல் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. உள்ளே இரண்டு செம்மஞ்சள் மீன், கொஞ்சம் பவளம். பவளம் நம் கடலில் உடைத்ததல்ல, கொழும்பில் தொட்டியிலேயே வளர்க்கும் ஒருவரிடம் வாங்கிய துண்டு. (கண்டித்துக் கடிதம் எழுத முன்னமே சொல்லிவிட்டேன்!)

கடல் தண்ணீருக்கு பீ.எச். என்று ஒரு கணக்கு உண்டு. தண்ணீர் புளிப்புப் பக்கம் சாய்கிறதா, காரப் பக்கம் சாய்கிறதா என்று சொல்லும் எண் அது. எட்டுக்குச் சற்று மேலே ஆடாமல் நின்றால் பவளம் விரிந்து கொடுக்கும். இறங்கினால் கோபித்துக்கொண்டு சுருங்கிவிடும். எனக்கு அது ஆண்டுக்கணக்காக ஒழுங்காக நின்றது. மருமகன் வந்தார்... இறங்கத் தொடங்கியது.

முதலில் மனைவியின் அப்பச்சோடாவைக் களவெடுத்துக் கரைத்து ஊற்றிப் பார்த்தேன். அன்றைக்கு வீட்டில் அப்பம் கல்லுப்போல வந்தது. பீ.எச். கொஞ்சம் அசைந்துவிட்டு, திரும்பவும் பழைய இடத்திலேயே போய்க் குந்திக்கொண்டது.

பிறகு ஒரு வேலை செய்தேன். தொட்டித் தண்ணீரில் ஒரு கோப்பை எடுத்து விறாந்தையில் வைத்து, சின்ன மோட்டாரால் வெளிக்காற்றைக் குமிழ் குமிழாக விட்டேன். கொஞ்ச நேரத்தில் அளந்தால் — எண் ஏறிவிட்டது! தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லை. ஹோலுக்குள் இருக்கும் காற்றில்தான் கோளாறு.

மருமகன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறார். வீட்டில் ஏசி இருப்பது ஹோலில் மட்டும். ஆகவே பகல் முழுக்க ஹோலில்தான் அவர். கதவு, யன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்து. தன் ஊரான கிரானில் வயல் வட்டைக் காற்று வாங்கி வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஏசி மோகம் எங்கிருந்து வந்ததோ! மூடிய ஹோலில் மனிதர் விடும் மூச்சு எங்கே போகும்? பள்ளிக்கூடத்தில் படித்தோமே காபனீரொட்சைட்டு, அது நேரே என் தொட்டியில் கரைகிறது. தண்ணீர் புளிக்கிறது.

"இதை அவரிடம் சொல்ல வேண்டியதுதானே?" என்கிறீர்கள். எந்த வாயால் சொல்வது?

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே. வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். வந்தவருக்குக் கூச்சம் என்றால், எழுதிக் கொடுத்துவிட்டு அதே வீட்டின் பின் அறையில் கிடப்பவனுக்கு அதைவிடக் கூச்சம். 'மருமகன், ஏசியை நிப்பாட்டுங்க' என்று சொல்லிவிட்டால்? வீட்டைத் தந்த மனுசன் குளிர்காற்றைத் தரவில்லை என்று கிரான் முழுக்கக் கதை போய்விடாதா?

ஆகவே வாய் திறக்காமல் யன்னலைத் திறந்தேன். அவர் ஒரு சிரிப்புச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். நான் அங்கால் போனதும் 'டக்' என்று கொளுக்கி விழும். எவ்வளவு மரியாதையான சண்டை பாருங்கள்!

மகள் விடுவதாக இல்லை. "இப்ப ரெண்டு தரம் குளிக்கிறார். சென்ட்டுப் போத்தலும் முடிஞ்சுது. மறுகா... நீங்க அம்மாக்கிட்டச் சொன்னதையும் கேட்டிருக்கார்."

"நான் என்ன சொன்னன்?"

மகள் தயங்கினாள். "இவர் வந்த நாளில இருந்து வீட்டில... பீ... எண்டு."

நான் சொன்னது 'பீ.எச். சரியில்ல' என்று. குசினியில் மிக்சி ஓடியதில் பின் எழுத்து காணாமல் போய்விட்டது. 'ஆக்கள் இருக்கிற நேரம் அந்தச் சொல்லச் சொல்லாதீங்க' என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டவள்தான். நான் கேட்டேனா? இங்கிலீசில் எவ்வளவு கௌரவமான எழுத்து! தமிழ் வீட்டுக்குள் வந்ததும் அதன் நிலைமையைப் பாருங்கள்.

விழுந்து விழுந்து சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க அப்பா. அவர் டவுன்ல வாடகைக்கு வீடு பாக்கிறார். 'மாமாக்கு என்னப் பிடிக்கல்ல, நாம போவம்' எண்டு சொல்றார்."

சிரிப்பு நின்றுவிட்டது. பயந்துபோனேன். ஊர் என்ன சொல்லும் என்பதெல்லாம் பிறகு. ஒரே பிள்ளை. விடிந்தால் அவள் குரல் கேட்காத வீட்டில் நான் யாருக்காகத் தொட்டி வைத்திருப்பது?

நேரே ஹோலுக்குப் போனேன். மருமகன் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினார்.

"இருங்க மருமகன். உங்கள்ல ஒரு மணமும் இல்ல."

அவர் முகம் தெளிந்தது. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினேனா?

"பிரச்சினை உங்கட மூச்சுத்தான்!"

மனுசன் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "மாமா... நான் காலையிலயும் பின்னேரமும் பல்லுத் தீட்டுறன்."

ஐயோ! அவரை இழுத்துக்கொண்டு போய்த் தொட்டிக்கு முன்னால் இருத்தி, மீட்டரைக் காட்டி, கோப்பைப் பரிசோதனையைத் திரும்பச் செய்து, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அமைதியாகக் கேட்டவர் ஒரு சந்தேகம் கேட்டார்.

"நான் வர முன்னமும் இஞ்ச மூண்டு பேர் மூச்சு விட்டீங்கதானே மாமா?"

"ஓம். அப்ப யன்னல் திறந்து கிடந்திச்சு."

"இதச் சொல்லவா மாமா இவ்வளவு நாள்?" என்றார்.

அடுத்த லீவு நாளே சுவரில் துளை போட்டார். அதற்கு முன் மகளிடம் இருவரும் அனுமதி கேட்டோம், வீட்டுக்காரி அவள்தானே. தண்ணீருக்குள் காற்றை அடித்து அழுக்கை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மர் என்றொரு கருவி உண்டு. அது காற்று உறிஞ்சும் குழாயைத் துளை வழியே வெளியில் விட்டார். இப்போது ஏசியும் ஓடுகிறது, தொட்டிக்கு முற்றத்துக் காற்றும் கிடைக்கிறது. பீ.எச். ஏறி, ஆடாமல் நிற்கிறது. பவளமும் விரிந்துவிட்டது.

தொட்டிக்காரர் எல்லாரும் விடுகிற பிழை இது. காற்றைப் பார்க்காமல் தண்ணீரில் எதையாவது ஊற்றிக்கொண்டிருப்போம். வீட்டிலும் அதைத்தானே செய்தேன்? மருமகன் வந்ததில் இருந்து வாவி இறால் என்ன, நண்டு என்ன... தட்டு நிறைய ஊற்றினேன். மனம் விட்டு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

எல்லாம் சரி. அந்த வாடகை வீட்டுக் கதை என்ன ஆனது? கேட்கப் பயமாக இருந்தது. மகளும் வாய் திறக்கவில்லை.

முந்தாநாள் பின்னேரம் ஹோலால் நடந்து போகும்போது, பழக்கதோசம், என் கை தானாகப் போய் யன்னலைத் திறந்துவிட்டது.

"மாமா! ஏசி ஓடுது தெரியல்லையா? சாத்துங்க அத! நுளம்பெல்லாம் உள்ளுக்கு வருது!"

வீடு அதிர்ந்தது. மனைவி பதறிக்கொண்டு குசினியிலிருந்து ஓடிவந்தாள். நானோ யன்னலைச் சாத்திக்கொண்டே பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

சொந்த வீட்டில்தானே மனுசன் சத்தம் போடுவான்!